எழுபது நாட்கள்: நிலத்திலும் கடலிலும்



இரண்டாம் உலகப் போர் மலாயாவுக்கு வந்த கதையைப் பள்ளியில் படிக்காதவர் எவரும் இல்லை. 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் சரணடைந்தது. பாட நூலில் இவை இரண்டு வரிகள். மாணவர்கள் இரண்டு தேதிகளையும் மனப்பாடம் செய்து, சோதனைத் தாளில் எழுதிவிட்டு, மறந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அந்த இரு தேதிகளுக்கும் இடையில் எழுபது நாட்கள் இருந்தன என்பதை நாம் அவர்களுக்குக் காட்டுவதில்லை.

எங்கள் தோட்டப் பள்ளியில் ஒரு முறை வேறு விதமாகச் செய்து பார்த்தேன். கரும்பலகையில் இரண்டு கட்டங்கள் வரைந்தேன். ஒன்றின் மேல் 'நிலம்' என்றும் மற்றதன் மேல் 'கடல்' என்றும் எழுதினேன். நாள் ஒன்றுக்கு ஒரு வரி. அன்று நிலத்தில் என்ன நடந்தது, கடலில் என்ன நடந்தது என்று நிரப்பிக்கொண்டே போனோம். மூன்றாவது வரி வருவதற்குள் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, வானத்துக்கு இடமே இல்லையே?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பின்னர் வருகிறேன். எங்கள் பலகையில் எழுந்த வரிகளையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதல் வரியே டிசம்பர் 8 அன்று. கடல் கட்டத்தில் டிசம்பர் 4ஆம் நாளிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அன்றுதான் தென் சீனக் கடலில் உள்ள ஹைனான் தீவின் சாமா துறைமுகத்திலிருந்து ஜப்பானியப் படைக் கப்பல்கள் புறப்பட்டன. படைத்தலைவர் யாமஷிதாவும் ஒரு கப்பலில் இருந்தார். டிசம்பர் 6, சனிக்கிழமை, கோத்தா பாருவிலிருந்து பறந்து சென்ற ஆஸ்திரேலிய ஹட்சன் விமானம் ஒன்று அந்தக் கப்பல் வரிசையைக் கண்டுவிட்டது. செய்தியும் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தது.

பிரிட்டிஷாரிடம் அப்போது ஒரு திட்டம் இருந்தது. அதன் பெயர் 'மேட்டடோர்'. ஜப்பானியர் இறங்குமுன் எல்லையைத் தாண்டித் தாய்லாந்துக்குள் சென்று, சிங்கோரா துறையைப் பிடித்துக்கொள்வது என்பதே அதன் சாரம். அதற்காக 11ஆவது இந்தியப் படைப்பிரிவு கெடாவில் கொட்டும் மழையில் ஆயத்தமாக நின்றது. ஆனால் கப்பல்கள் எங்கே போகின்றன என்பது உறுதியாகத் தெரியவில்லை. முதலில் எல்லையைக் கடந்தவர் என்ற பழி நமக்கு வரக்கூடாதே என்ற தயக்கம் தளபதி புரூக் பாப்பமுக்கு இருந்தது. சனி போயிற்று, ஞாயிறும் போயிற்று. திட்டம் கைவிடப்பட்டது என்ற கட்டளை கெடாவுக்கு வந்து சேர்ந்தபோது திங்கட்கிழமை நண்பகல் கடந்துவிட்டது. சிங்கோராவில் ஜப்பானியர் அதற்குள் இறங்கிவிட்டிருந்தனர்.

இப்பொழுது டிசம்பர் 8, திங்கட்கிழமை. நள்ளிரவு கடந்து அரை மணியளவில் கோத்தா பாருவுக்கு அருகே சபாக், பாடாங் கடற்கரைகளை நோக்கிக் கப்பல் பீரங்கிகள் முழங்கின. கரையில் காவல் இருந்தவர்கள் டோக்ரா படையினர். வட இந்திய மலைநாட்டிலிருந்து வந்த இளைஞர்கள் அவர்கள். அலை கொந்தளித்தது, முள்வேலியும் கண்ணிவெடியும் இருந்தன, ஜப்பானியரில் நூற்றுக்கணக்கானோர் அந்த மணலிலேயே விழுந்தனர். ஹட்சன் விமானங்கள் இருட்டில் பறந்து சென்று மூன்று படைக் கப்பல்களையும் தாக்கின. அவற்றுள் அவாஜிசான் மாரு தீப்பற்றி எரிந்து பின்னர் மூழ்கியது. ஆக, முதல் நாள் சண்டை எளிதில் கிடைத்த வெற்றியன்று.

இங்கே ஒரு சிறு செய்தி. பசிபிக் போர் பேர்ல் துறைமுகத்தில் தொடங்கியது என்றுதான் பலரும் கூறுவர். அங்கே தேதி டிசம்பர் 7, ஞாயிறு காலை. இங்கே டிசம்பர் 8, திங்கள் அதிகாலை. தேதியைப் பார்த்தால் அது முந்தியது போலத் தோன்றும். கடிகாரங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால், கோத்தா பாருவில் முதல் குண்டு விழுந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆன பிறகே பேர்ல் துறைமுகத்தில் முதல் குண்டு விழுந்தது. அப்படியானால் அந்தப் பெரும் போரின் முதல் வேட்டு நம் கிளந்தான் கரையில் கேட்டது. இதைச் சொன்னபோது என் வகுப்பில் கை தட்டினார்கள். கை தட்டும் செய்தியா இது என்று எனக்கே தெரியவில்லை.

அதே அதிகாலை நான்கு மணி கடந்து சிங்கப்பூரில் குண்டு விழுந்தது. தெருவிளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. அணைக்க ஆள் இல்லை. 61 பேர் மாண்டனர். காலையில் மக்களுக்கு ஓர் அறிக்கை வெளியிடப்பட்டது. நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம், முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தது, சீனாவில் நெடுங்காலம் போரிட்டு ஜப்பான் களைத்துப் போயிருக்கிறது என்னும் கருத்துடைய அறிக்கை அது.

அன்று பகல் முழுவதும் வட மலாயாவின் விமான நிலையங்கள் தாக்கப்பட்டன. அலோர் ஸ்டார், சுங்கை பட்டாணி, பட்டர்வொர்த் எதுவும் தப்பவில்லை. காலையில் வட மலாயாவில் பறக்கத் தகுதியாக இருந்த விமானங்கள் 110. மாலையில் எஞ்சியவை 50. பிற்பகலில் கோத்தா பாரு விமான நிலையத்தில், எதிரி வேலிக்கு வந்துவிட்டான் என்று ஒரு வதந்தி பரவியது. உண்மையில் எதிரி அவ்வளவு அருகில் வரவில்லை. ஆனாலும் கட்டடங்களுக்குத் தீ வைத்துவிட்டு விமானப்படையினர் வெளியேறினர். பெட்ரோலும் குண்டுகளும் முழுதாக அழிக்கப்படவில்லை. ஓடுபாதை அப்படியே கிடந்தது.

நிலம் என்ற கட்டத்தில் எழுதிய இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டே நாளில் இது கடல் கட்டத்துக்குத் தாவப் போகிறது.

அன்று மாலை ஐந்தரை மணி கடந்து சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்திலிருந்து இரண்டு பெருங்கப்பல்கள் வெளிக்கிளம்பின. பிரின்ஸ் ஆப் வேல்ஸ் புதிய போர்க்கப்பல். அந்த ஆண்டு மே மாதத்தில் ஜெர்மனியின் பிஸ்மார்க் கப்பலுடன் மோதியது. ஆகஸ்டில் சர்ச்சிலை ரூஸ்வெல்ட்டிடம் அழைத்துச் சென்றது. ரிப்பல்ஸ் முதல் உலகப் போர்க் காலத்துக் கப்பல். இவற்றுக்குத் துணையாக எலெக்ட்ரா, எக்ஸ்பிரஸ், டெனடோஸ், வாம்பயர் என்ற நான்கு நாசகாரிக் கப்பல்கள். தலைவர் அட்மிரல் டாம் பிலிப்ஸ். உண்மையில் ஒரு விமானந்தாங்கிக் கப்பலும் உடன் வருவதாக இருந்தது. இன்டாமிடபிள் என்ற அந்தக் கப்பல் நவம்பர் மாதம் ஜமாய்க்கா அருகே தரைதட்டிப் பழுதடைந்ததால் வரவில்லை.

கப்பல்களுக்கு மேலே காவல் பறக்க விமானம் வேண்டும் என்று பிலிப்ஸ் கேட்டிருந்தார். புறப்பட்ட சில மணி நேரத்திலேயே பதில் வந்தது: 10ஆம் தேதி விமானப் பாதுகாப்பு தருவதற்கில்லை. ஏன் தருவதற்கில்லை? வட பகுதி விமான நிலையங்கள் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. கோத்தா பாரு ஓடுபாதை இப்பொழுது ஜப்பானியர் கையில். இந்த இடத்தில்தான் அந்த மாணவி எழுந்து வானத்துக்கு இடம் கேட்டாள். மூன்றாவது கட்டம் வரைந்தோம். வரைந்த பிறகு பார்த்தால், மற்ற இரண்டு கட்டங்களையும் பிணைக்கிற கயிறு அதில்தான் இருந்தது.

பதிலைப் பார்த்தும் பிலிப்ஸ் திரும்பவில்லை. கரையில் இந்தியப் படையினர் போராடும்போது கடற்படை துறைமுகத்தில் உட்கார்ந்திருக்க முடியாது என்பது அக்காலக் கடற்படையாளரின் எண்ணம். அதை மூடத்தனம் என்று எளிதில் சொல்லிவிடலாம். எனக்கு அவ்வாறு சொல்ல மனம் வரவில்லை. 9ஆம் தேதி முழுவதும் மேகமும் மழையும் அவர்களை மறைத்தன. பிற்பகலில் ஒரு ஜப்பானிய நீர்மூழ்கி கண்டுவிட்டது. மாலையில் வானம் வெளுத்தபோது எதிரி விமானங்கள் தென்பட்டன. இனி எதிர்பாராத் தாக்குதல் என்பது இயலாது என்று உணர்ந்து, இரவு எட்டு மணி கடந்து, பிலிப்ஸ் தெற்கே திரும்பினார்.

நேரே வந்திருந்தால் ஒருவேளை தப்பியிருக்கலாம். நள்ளிரவை ஒட்டி, குவாந்தானில் எதிரி இறங்குவதாக ஒரு செய்தி வந்தது. கப்பல்கள் அங்கே திரும்பின. வானொலி அமைதி குலையக்கூடாது என்று, தாம் திசை மாறியதைப் பிலிப்ஸ் சிங்கப்பூருக்குத் தெரிவிக்கவில்லை. 10ஆம் தேதி காலை குவாந்தான் கரையை எக்ஸ்பிரஸ் கப்பல் நெருங்கிப் பார்த்தது. அங்கே எதிரி எவரும் இல்லை. செய்தி பொய்.

காலை பதினொரு மணி கடந்து, சைகோன் பக்கத்து நிலையங்களிலிருந்து வந்த விமானங்கள், எண்பதுக்கும் மேற்பட்டவை, அலை அலையாகத் தாக்கின. சில உயரத்திலிருந்து குண்டு போட்டன. சில கடல்மட்டத்துக்குத் தாழ்ந்து வந்து டார்பிடோக்களை விட்டன. ரிப்பல்ஸ் கப்பலின் தலைவர் டென்னன்ட் கப்பலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பல டார்பிடோக்களிலிருந்து தப்பினார். கடைசியில் பல பக்கங்களிலிருந்து ஒரே வேளையில் வந்தவற்றைத் தப்ப முடியவில்லை. 12.33க்கு ரிப்பல்ஸ் மூழ்கியது. 1.18க்குப் பிரின்ஸ் ஆப் வேல்ஸ் மூழ்கியது. அட்மிரல் பிலிப்ஸ் உட்பட 840 பேர் மாண்டனர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை நாசகாரிக் கப்பல்கள் மீட்டன. செம்பாவாங்கிலிருந்து புறப்பட்ட போர் விமானங்கள் வந்து சேர்ந்தபோது, கடலில் எண்ணெயும் மனிதத் தலைகளும்தான் இருந்தன. ரிப்பல்ஸ் உதவி கேட்டு முதல் செய்தி அனுப்பியதே தாக்குதல் தொடங்கி முக்கால் மணி நேரம் சென்ற பிறகுதான்.

அந்தக் கப்பல்கள் இன்றும் குவாந்தானுக்கு அப்பால் கடலடியில் கிடக்கின்றன. அவற்றின் இரும்பைக்கூட விடாமல் திருடுகிறார்கள். 2023ஆம் ஆண்டு மே மாதம், அந்தச் சந்தேகத்தின் பேரில் ஒரு சீனக் கப்பலை மலேசியக் கடல்சார் அமலாக்கத்தினர் பிடித்து வைத்தனர். கடலடியில் கிடப்பதும் ஒரு கல்லறைதான்.

நேயர்களே, மூன்று நாள் கதைக்கு இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன். வேண்டுமென்றேதான். டிசம்பர் 8, 9, 10 ஆகிய மூன்று நாட்களில் வானமும் கடலும் போய்விட்டன. அதன் பிறகு நிலத்தில் சண்டையிட்டவர்கள், இரு பக்கமும் கதவில்லாத வீட்டைக் காத்து நின்றவர்கள் போல ஆனார்கள். கிழக்குக் கரையில் மட்டுமல்ல, மேற்குக் கரையிலும் அப்படித்தான் நடந்தது.

டிசம்பர் 11. நிலத்தில், தாய்லாந்து எல்லைக்குத் தெற்கே சங்லூன், ஆசூன் ஆகிய இடங்களில் ஜப்பானிய டாங்கிகள் சாலையோடு வந்தன. அங்கிருந்த பஞ்சாபியர், கூர்க்கர்களில் பலர் அதற்கு முன் டாங்கியைக் கண்ணால் கண்டதில்லை. மலாயாவில் பிரிட்டிஷாரிடம் ஒரு டாங்கியும் இல்லை. மேட்டடோர் திட்டத்துக்காகக் காத்திருந்த நாட்களில் ஜித்ராவின் பதுங்கு குழிகள் கவனிப்பாரின்றி மழைநீர் நிறைந்து கிடந்தன. 12ஆம் தேதி இரவோடு ஜித்ரா கைவிடப்பட்டது. சங்லூனில் சிதறிய பஞ்சாப் படையில் கேப்டன் மோகன் சிங் என்பவர் இருந்தார். சில நாள் காட்டில் அலைந்த பின் அலோர் ஸ்டாரில் ஜப்பானியரிடம் சரணடைந்தார். இந்திய தேசிய இராணுவத்தின் முதல் வித்து அங்கே விழுந்தது. 1942 பிப்ரவரி 17 அன்று சிங்கப்பூர் பாரர் பார்க் திடலில் சுமார் 45,000 இந்தியப் போர்வீரர் திரட்டப்பட்டபோது அவர்கள் முன் பேசியவர்களுள் அவரும் ஒருவர்.

அதே டிசம்பர் 11இல் பினாங்கு ஜார்ஜ்டவுனில் மக்கள் தெருவில் நின்று, வரும் விமானங்களை அண்ணாந்து பார்த்தனர். நம் விமானங்கள் என்று நினைத்தவர்களும் உண்டு. குண்டுகள் விழுந்தன. சாவு நூற்றுக்கணக்கில். தீயணைப்பும் மருத்துவமும் நிலைகுலைந்தன. 16ஆம் தேதி இரவோடு ஐரோப்பியர்கள் அமைதியாகத் தீவை விட்டு வெளியேறினர். உள்ளூர் மக்களுக்கு அது விடிந்த பிறகுதான் தெரியும்.

போனவர்கள் இரண்டு பொருள்களை அழிக்காமல் விட்டுச் சென்றனர். ஒன்று, வானொலி நிலையம். இன்னொன்று, துறையில் கட்டிக்கிடந்த சிறு படகுகள். எஞ்சிய மக்களைக் காக்க ஒரு குழு அமைந்தது. அதற்குத் தலைமை ஏற்றவர் ஸ்திரேய்ட்ஸ் எக்கோ நாளிதழின் ஆசிரியர் எம். சரவணமுத்து, இலங்கைத் தமிழர். கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் அவர்தான். கொடி பறக்கும்வரை குண்டு விழும் என்பதை அவர் அறிந்திருந்தார். 19ஆம் தேதி ஜப்பானியர் பினாங்கில் நுழைந்தனர்.

அந்தப் படகுகளை மீண்டும் எங்கே காண்கிறோம் தெரியுமா? டிசம்பர் 30ஆம் நாள் கம்பாரில் சண்டை தொடங்கியது. மலை ஒரு பக்கம், ஈயக்குட்டை ஒரு பக்கம், நல்ல இடம். பிரிட்டிஷ் படையும் இந்தியப் படையும் நான்கு நாள் ஜப்பானியரைத் தடுத்து நிறுத்தின. ஜனவரி 2ஆம் நாள் சீக்கியர் துப்பாக்கி முனைக் கத்தியோடு பாய்ந்து, இழந்த மேட்டைத் திரும்பப் பிடித்தனர். நிலக் கட்டத்தில் அன்று வெற்றி என்றே எழுத வேண்டும். ஆனால் கடல் கட்டத்தைப் பாருங்கள். அதே ஜனவரி 1, 2 தேதிகளில் ஜப்பானியர் படகுகளில் மேற்குக் கரையோரமாக வந்து ஊத்தான் மெலிந்தாங்கிலும் தெலுக் ஆன்சனிலும், அதாவது இன்றைய தெலுக் இந்தானிலும், இறங்கினர். கம்பாருக்குப் பின்புறம் சாலை அறுபடும் நிலை. பினாங்கில் விட்டுச் சென்ற படகுகளும் அவற்றுள் இருந்தன. தோற்காத படை அன்றிரவு கம்பாரை விட்டுப் பின்வாங்கியது.

பின்னர் நடந்தவை வேகமாக நடந்தன. ஜனவரி 7 விடியலுக்கு முன் சிலிம் ரிவர் பக்கம் டாங்கிகள் டிரங்க் ரோட்டோடு பாய்ந்தன. துரோலாக்கிலும் குளூனி தோட்டத்தின் கித்தா மரங்களுக்கிடையிலும் இருந்த இரண்டு பிரிகேடுகள் ஒரே காலையில் சிதறின. 11ஆம் தேதி கோலாலம்பூர் வீழ்ந்தது. 14ஆம் தேதி கெமாஸ் அருகே ஆஸ்திரேலியர் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்து ஜப்பானியருக்குப் பலத்த சேதம் விளைவித்தனர். ஆனால் மறுநாளே மூவாரில், பயிற்சி முடியாத இளைஞர்களைக் கொண்ட 45ஆவது இந்தியப் பிரிகேடு தாக்கப்பட்டது. 16ஆம் தேதி பத்து பகாட் பக்கம் மறுபடியும் கடல் வழியாக எதிரி. பின்வாங்கிய வழியில் பாரிட் சூலோங்கில் விட்டுவர நேர்ந்த காயம்பட்ட ஆஸ்திரேலியரும் இந்தியரும் கொல்லப்பட்டனர். ஜனவரி 27 அதிகாலை எண்டாவுக்கு அப்பால் தானெட் என்ற நாசகாரிக் கப்பல் மூழ்கியது. உடன் சென்ற வாம்பயர் தப்பியது. பிரின்ஸ் ஆப் வேல்ஸ் கப்பலோடு சென்ற அதே வாம்பயர்தான். அதுவும் அந்த ஏப்ரலில் இலங்கையின் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது.

நான்காவது கட்டம் ஒன்றும் எங்கள் பலகையில் சேர்ந்தது. 'மக்களுக்குத் தெரிந்தது' என்று அதற்குத் தலைப்பிட்டேன். அதை நிரப்பத்தான் மிகவும் சிரமப்பட்டோம். அக்காலத்துச் செய்தி அறிக்கைகளில் பின்வாங்கல் எல்லாம் திட்டமிட்டபடி நடப்பதாகவே இருக்கும். ஊர்ப் பெயர்கள் மட்டும் ஒவ்வொரு வாரமும் தெற்கே இறங்கி வரும். வரைபடம் தெரிந்தவனுக்கு அதிலிருந்தே விளங்கும். தோட்டத்தில் வானொலிப் பெட்டி யாரிடம் இருந்தது? துரை பங்களாவில் இருந்திருக்கும்.

என் பாட்டி அப்போது பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுமி. தேதி எதுவும் அவருக்குத் தெரியாது. "ஒரு நாள் பெரட்டுக்குத் துரை வரல. கெராணியார் வந்து அரிசி ஸ்டோரத் தொறந்து ஆளுக்குக் கொஞ்சம் அளந்து போட்டாரு. அப்பத்தான் என்னமோ நடக்குதுன்னு தெரிஞ்சிச்சு" என்பார். சில நாள் கழித்து, டயர் இல்லாத சைக்கிள் சக்கரங்கள் சாலையில் கடகடவென்று உருளும் சத்தம் கேட்டதாம். லயத்து ஆண்கள் கித்தாக் காட்டுக்குள் ஓடினார்களாம். அவருடைய அண்ணன்மாரில் ஒருவர் அடுத்த ஆண்டு சயாம் ரயில் பாதைக்குப் போனார், திரும்பவில்லை. அது வேறொரு நாள் பேச வேண்டிய கதை.

அரிசி அளந்த அந்த நாள் எந்த நாள் என்று கண்டுபிடிக்க நானும் மாணவர்களும் முயன்றோம். ஈப்போ டிசம்பர் கடைசி வாரத்தில் வீழ்ந்தது. கோலா கங்சார் அதற்குச் சற்று முன். அப்படியானால் டிசம்பர் இருபதை ஒட்டிய ஒரு காலை. பலகையில் அந்த வாரத்துக்கு நேராக, நான்காவது கட்டத்தில், 'துரை வரவில்லை. அரிசி கொடுத்தார்கள்' என்று ஒரு மாணவன் எழுதினான். அழிக்க வேண்டாம் என்றேன்.

ஜனவரி 31ஆம் நாள் கடைசிப் படையினர் ஜொகூர்ப் பாலத்தைக் கடந்ததும் பாலம் தகர்க்கப்பட்டது. பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர் நீரிணையைக் கடந்து சிங்கப்பூரில் இறங்கினர். பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை, சீனப் புத்தாண்டின் முதல் நாள். மாலை ஐந்து மணி கடந்து ஜெனரல் பெர்சிவல் புக்கிட் தீமா போர்டு தொழிற்சாலைக்குச் சென்று யாமஷிதாவைச் சந்தித்தார். ஆறு மணி பத்து நிமிடத்துக்குக் கையெழுத்தாயிற்று. இரவு எட்டரைக்கு வேட்டுச் சத்தம் நின்றது. கடல் கட்டத்தில் அந்த வாரம் முழுவதும் ஒரே வகை வரிதான். சிங்கப்பூரிலிருந்து தப்பி ஓடிய சிறு கப்பல்கள், பங்கா நீரிணைப் பக்கம் ஒன்றன்பின் ஒன்றாகக் குண்டுபட்டு மூழ்கின.

மறுநாள் பிப்ரவரி 16 அன்று சிங்கப்பூரின் கடிகாரங்கள் ஒன்றரை மணி நேரம் முன்னுக்கு நகர்த்தப்பட்டன. அன்றிலிருந்து தோக்கியோ நேரம். வகுப்பு மணி அடித்துவிட்டது. அந்தக் கடைசி வரியை, எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல், பலகையின் குறுக்கே நான்கு கட்டங்களுக்கும் சேர்த்து எழுதினோம்.